எங்களுக்குப் பின்னால் கிடந்த கப்பல்

பக்கத்து வீட்டுக்காரர் பழைய இரும்புக் கேட்டை அறுத்துக் கொடுக்கச் சொல்லி ஆள் கூப்பிட்டிருக்கிறார். காலையிலிருந்து கேஸ் கட்டிங் நடக்கிறது. பழைய பெயின்ட் எரிகிற வாசனை தெரு முழுக்க. மற்ற வீடுகளில் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். நான் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெண்ணந்தூரில் விசைத்தறிச் சத்தம் ஓயாது. அதில் ஒரு வசதி. ஒரு வீட்டில் பேச்சுக்குரலே இல்லை என்பது வெளியே தெரியாது. எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. படிப்பு நாலாவது வரை. நீளமாக எழுத வராது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டுக்கு மூன்று பூச்சு இருக்கிறது. மேலே வெள்ளி நிறம், நடுவில் பச்சை, அடியில் செங்காவி. எட்டிப் பார்க்காமலே சொல்வேன். ஒவ்வொரு பெயின்டும் ஒவ்வொரு மாதிரி எரியும். இந்தத் திறமையை வைத்து இதுவரை ஒரு காரியமும் ஆனதில்லை.

நான் கப்பல் அறுத்தவன். சேலத்தில் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஏற்காடு மலைக்குக் கீழே ஏது கப்பல் என்பார்கள். குஜராத்துக் கரையில் பழைய சரக்குக் கப்பல்களை ஏற்றிப் போட்டு உடைப்பார்கள். தகடு தகடாக லாரியில் தெற்கே வரும். வந்ததெல்லாம் நாமக்கல் வண்டிகள். சங்ககிரி ரோட்டில் இருந்த ஒரு யார்டில் நாங்கள் அதை மறுபடி பட்டை பட்டையாக அறுத்து ரோலிங் மில்லுக்கு அனுப்புவோம். மில்லில் அது கட்டடக் கம்பியாகிவிடும். உங்கள் வீட்டு மொட்டைமாடிக்குள்ளேயே ஒரு கப்பலின் துண்டு படுத்திருக்கலாம். கவலைப்பட வேண்டாம், நல்ல இரும்பு.

ஒன்பது வருடம் அந்த வேலை பார்த்தேன். ஒரு முழுக் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை. ஆனால் கடல் எங்களைத் தேடி வரும். சில தகடுகளில் சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டுகிற கேஸ் டார்ச்சின் தீ பட்டதும் கருவாடு சுடுகிற வாசனை கிளம்பும். சாப்பாட்டு நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் அந்தத் தகடு வந்தால் பெருமாள் கத்துவான்.

“மாப்ள, சோத்தப் போடு. தொட்டுக்க ஆயிருச்சு!”

பெருமாள் எனக்கு ஜோடி. மேச்சேரிக்காரன். வீட்டில் ஆடு. ஆட்டுப் பின்னால் போகப் பிடிக்காமல் சேலத்துக்கு வந்து இரும்புப் பின்னால் போனவன். அவனும் கடல் பார்த்ததில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் நிறைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறான். “அதுக்கு அக்கரை இல்லைன்னு வெச்சுக்க, அதான் கடலு” என்பான். எங்களுக்கு ஒரு விளையாட்டு. தகட்டை இறக்கினதும் அது கப்பலில் எந்த இடம் என்று சொல்ல வேண்டும். வளைந்திருந்தால் வயிறு. ஓட்டை இருந்தால் ஜன்னல். சிவப்பு என்றால் தண்ணீருக்கு அடியில் இருந்தது. சரியா தப்பா என்று சொல்ல யாருமில்லை. அதனால் இருவரும் ஜெயித்துக்கொண்டே இருந்தோம்.

குழாய் வந்தால் மட்டும் விளையாட்டு இல்லை. உள்ளே என்ன ஓடியது என்று தெரியாமல் நெருப்பு வைக்கக் கூடாது. பச்சை அடித்த குழாய் தண்ணீருக்கு. பழுப்பு எண்ணெய்க்கு. ஆனால் கப்பல் கைமாறும்போது புதுச் சொந்தக்காரன் எல்லாவற்றின் மேலும் வேறு நிறம் அடித்துவிடுவான். அதனால் சிப்பிங் சுத்தியலால் பெயின்டைக் கீறி, அடிப்பூச்சு என்ன நிறம் என்று பார்க்க வேண்டும். அது ஒருவன் வேலை. இன்னொருவன் குழாயின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஆன பிறகுதான் டார்ச். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த ஆள் ஒருவர் இறந்த பிறகு வந்த வழக்கம்.

கீறுவது நான். மோப்பது பெருமாள்.

ஒரு ஆயுத பூஜை அன்று முதலாளி ஸ்டுடியோக்காரரைக் கூட்டிவந்தார். டார்ச்சுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். சிலிண்டருக்கு மாலை. எங்களைவிட சிலிண்டர் நன்றாக இருந்தது. முதல் நாள் இறங்கிய பெரிய வளைவுத் தகடு ஒன்று நிமிர்த்தி வைத்திருந்தது. அதற்கு முன்னால் நானும் பெருமாளும் நின்றோம். அவன் டார்ச்சை நாதஸ்வரம் மாதிரி வாயருகே பிடித்துக்கொண்டான். நான் கண்ணை மூடிவிட்டேன். எனக்கு இருக்கிற ஒரே போட்டோவில் நான் தூங்குகிறேன். அவன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் தகட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. நாலு அங்குலக் குழாய்.

மூன்றாம் நாள் அந்தக் குழாயின் முறை வந்தது. மில் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் குழாயைப் பார்த்தேன். பச்சை.

“தண்ணிக் கொழாய்தான். வெய்யி” என்றேன்.

கீறவில்லை.

சிலிண்டர் வால்வைத் திறக்க நான் திரும்பி நடந்தேன். மறுமுனை தட்டு வைத்து மூடியிருந்தது. உள்ளே பழைய எண்ணெய் இருந்திருக்கிறது. சத்தம் பெரிதாக இல்லை. திரும்பிப் பார்த்தபோது பெருமாள் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தான், எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறவன் மாதிரி. இடது கண் அங்கேயே போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வருடத்தில் அதுவும் நின்றுவிட்டது.

அவன் மேச்சேரிக்குப் போனான், ஆட்டுக்கே. நான் அந்த மாதமே யார்டை விட்டேன்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்கு நான் கீறியிருந்தால் அடியில் என்ன நிறம் இருந்திருக்கும்? அடியிலும் பச்சை என்றால், கீறியும் பயன் இல்லை. என் மேல் குற்றமில்லை. அடியில் பழுப்பு என்றால் அவன் கண்ணை எடுத்தது நான். இரண்டில் ஒன்றுதான். குழாய் அடுத்த லோடில் மில்லுக்குப் போய் உருகிவிட்டது. கேட்க வேண்டுமானால் கப்பலைத்தான் கேட்க வேண்டும். அது என்ன கப்பல் என்றே தெரியாது.

வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மேச்சேரி போவேன். பெருமாளுடன் பட்டியில் உட்காருவேன். மழை, ஆடு, பஸ் எல்லாம் பேசுவோம். குழாயைப் பற்றி அவன் பேசினதில்லை. நானும் பேசவில்லை. முப்பது வருடம் அப்படியே போயிற்று. எழுதும்போது ஒரு வரிதான் ஆகிறது.

யார்டை விட்ட பிறகு நான் வண்டியில் சின்ன சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சில்லறை வெட்டு வேலை செய்தேன். அப்படித்தான் சில வருடம் முன்னால் மேட்டூரில் ஒரு வீட்டுக்கு, துருப்பிடித்த தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டை அறுக்கப் போனேன். குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், மேஜை முழுக்கக் கப்பல் போட்டோ. சுவரில் கப்பல். நாற்காலி மேல் கப்பல். உட்கார இடம் இல்லை.

ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோவைப் பார்த்துவிட்டு வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “இது தண்ணிக்குக் கீழ செவப்பா இருக்குமுங்க. நடுவுல ஒரு சாண் பட்டை வேற நெறம் வரும்.”

வீட்டுக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “கப்பல்ல வேலை பாத்தீங்களா?”

“இல்லீங்க சார். கப்பலை அறுத்தேன்.”

“எங்கே?”

“சேலத்துல.”

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்த கப்பல்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். வேலைக்குப் போன வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவர் சரக்குக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு மேட்டூரில் வேலை இருந்ததால் அங்கே வீடு கட்டியவர். மனைவி இறந்துவிட்டார். வீடு மிஞ்சியது. உலகத்தில் பல ஊர்களில் இவரைப் போல ஆட்கள் இருக்கிறார்களாம். யாருக்காவது பேர் தெரியாத பழைய சரக்குக் கப்பலின் போட்டோ கிடைத்தால் ஒருவருக்கொருவர் அனுப்புவார்கள். அது என்ன கப்பல், எங்கே கட்டியது, எத்தனை தடவை பேர் மாறியது, எந்தக் கரையில் முடிந்தது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பார்கள்.

“இதனால என்னங்க சார் பலன்?” என்று கேட்டேன்.

“ஒரு பலனும் இல்ல. ஆனா தப்பா எழுதி வெச்சா, அடுத்து வர்றவன் அதையே நம்பிடுவான்” என்றார்.

அவருடைய முறை எனக்குப் பிடித்திருந்தது. பேரை நம்பக் கூடாது. பேர் நாலு தடவை மாறும். நிறத்தை நம்பக் கூடாது. மாறாதது எலும்புதான். கொடிமரம் எத்தனை, சரக்கு தூக்கும் கம்பம் எத்தனை, ஆட்கள் இருக்கும் கட்டு நடுவிலா கடைசியிலா, புகைபோக்கி நேரா சாய்வா, வட்ட ஜன்னல் எத்தனை. பூதக்கண்ணாடி வைத்து ஜன்னலை எண்ணுவார். நிச்சயமாகத் தெரிந்ததைப் பேனாவில் எழுதுவார். சந்தேகத்தைப் பென்சிலில் எழுதுவார். அவருடைய நோட்டில் பாதிக்கு மேல் பென்சில்.

அடுத்த வாரம் ஆயுத பூஜைப் போட்டோவை எடுத்துக்கொண்டு போனேன். எதற்கு என்று முதலில் சொல்லவில்லை.

வாங்கினதும் கேட்டார். “உங்க சட்டைப் பை இடது பக்கம்தானே?”

“ஆமாங்க.”

“சரி. நெகட்டிவைத் திருப்பிப் போட்டுக் கழுவல. சில ஸ்டுடியோவுல மாத்திடுவாங்க. கப்பல் வலது இடதா மாறிடும்.”

அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்தார். அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் பெருமாளைப் பார்த்து, நாதஸ்வரத்தைப் பார்த்து, தூங்குகிற என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பின்னால் பார்த்த ஆள் இவர் ஒருவர்தான்.

தகட்டில் கடிகாரத்தில் போடுகிற மாதிரி குச்சி எழுத்து இரண்டு இருந்தது. கப்பல் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்று பார்க்க முனையில் போடுகிற அளவு அது என்றார். குச்சி எழுத்து என்றால் பழைய கப்பல். பெருமாளின் காதுக்கு மேலே பெயின்டுக்கு அடியில் மேடு மேடாகத் தெரிந்தது. கப்பல் பேரை முதலில் வெல்டிங் வைத்து மேடு கட்டி, அதன் மேல்தான் பெயின்ட் அடிப்பார்களாம். பேரை மாற்றும்போது பெயின்டை மாற்றுவான், மேட்டைச் செதுக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடுவான். மூன்று எழுத்து கிடைத்தது. நாங்கள் சாய்ந்து நின்ற இடத்தில் மீதி எழுத்து இருந்திருக்கும். இரண்டு அடி தள்ளி நின்றிருந்தால் அவருக்கு வேலை மிச்சம்.

இரண்டு மாதம் ஆயிற்று. ஒருநாள் போன் செய்து கிடைத்துவிட்டது என்றார். மறுநாள் காலையில் மறுபடி போன்.

“நேத்து நான் சொன்னது தப்பு. மன்னிச்சுக்கோங்க. ஒரே அச்சுல நாலு கப்பல் கட்டியிருக்காங்க. நங்கூரம் உள்ள அடங்குற குழி ஒண்ணுக்கு மட்டும் வேற மாதிரி. நான் பக்கத்துக் கப்பலைச் சொல்லிட்டேன்.”

உருகிப்போன ஒரு கப்பலுக்காக ஒரு மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் என் வாழ்க்கையில் கேட்க வேண்டிய ஒரு மன்னிப்பைக் கேட்காமல் வைத்திருந்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. மேட்டூருக்கு பஸ் ஏறினேன்.

மேஜையில் ஒரே ஒரு போட்டோ வைத்திருந்தார். முழுக் கப்பல்.

நான் மனதில் வைத்திருந்தது பரிசல் மாதிரி உருண்டையாக ஏதோ ஒன்று. இது ஒல்லியாக, நீளமாக இருந்தது. நடுவில் வெள்ளைக் கட்டு. முன்னும் பின்னும் கம்பங்கள். மேகம் மூடிய ஏதோ ஒரு துறைமுகம். மேல்தளத்தில் ஒரே ஒரு ஆள் கைப்பிடியில் சாய்ந்து நிற்கிறான். எறும்பளவு. எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முன்முனையில் ஒரு இடத்தை அவர் பென்சிலால் தொட்டுக் காட்டினார். விரல் நகம் அளவு இடம்.

“நீங்க ரெண்டு பேரும் நின்னது இதுக்கு முன்னால.”

அப்புறம்தான் குழாய் விஷயத்தைச் சொன்னேன். முதல்முறையாக ஒருவரிடம் சொன்னேன். கீறவில்லை என்பதையும் சொன்னேன். இந்தக் கப்பலில் எண்ணெய்க் குழாய்க்கு முதலில் என்ன நிறம் அடித்திருப்பார்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் எங்கள் போட்டோவை எடுத்தார்.

“தகடு இந்தக் கப்பலோடது. அதைப் பேனாவுல எழுதிட்டேன். குழாய் அந்தத் தகட்டு மேல சாஞ்சிருக்கு. சாஞ்சிருக்கிறதால இந்தக் கப்பலோடதாயிடுமா? ஒரு லாரியில ஒரு கப்பல் இரும்புதான் வருமா?”

வராது. இரண்டு மூன்று கப்பல் கலந்துதான் வரும். எனக்கே தெரியும்.

“நிறம்கூட இந்தப் போட்டோவுல தெரியாது. கலர் போட்டோ பழசானா எல்லாம் செம்மண்ணாயிடும். குழாய் பச்சைன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா எழுத முடியாது.”

“பென்சில்லயாவது?”

“பென்சிலுக்கும் ஒரு ஆதாரம் வேணுங்க.”

பொய்யாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். ‘அடியிலயும் பச்சைதான்’ என்று சொல்லியிருந்தால் எனக்கு அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. அவர் கப்பலின் பேரை என்னிடம் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை. நிச்சயம் இல்லாமல் ஒரு கப்பல் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

முழுக் கப்பல் போட்டோவில் ஒரு காப்பி கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அப்படியே மேச்சேரி போனேன்.

பெருமாள் பட்டியில் உட்கார்ந்து ஆட்டுக் காதைத் தடவிக்கொண்டிருந்தான். காதைத் தொட்டாலே எந்த ஆடு என்று சொல்வான். காலடிச் சத்தத்தில் என்னையும் சொல்வான்.

“வாடா மாப்ள. இன்னைக்கென்ன, கெழமையில்லாத கெழமையில?”

“கப்பல் கெடச்சிருச்சு.”

“எந்தக் கப்பலு?”

“ஆயுத பூசையன்னிக்கு நமக்குப் பின்னால நின்னதே, அது.”

“அது எங்கடா நின்னுது? நாமதான் நின்னோம். அது கெடந்துது.”

போட்டோவை அவன் கையில் கொடுத்தேன். விரலால் தடவினான். “வழவழன்னு இருக்குது. கப்பலா இது, ரேஷன் கார்டா?” என்றான். பிறகு கேட்க ஆரம்பித்தான். எவ்வளவு நீளம்? மேச்சேரி சந்தை வரிசை முழுக்கப் படுக்க வைத்த மாதிரி. வயிறு உருண்டையா? இல்லை, ஒட்டின வயிறு. முனை? அரிவாள் மாதிரி சாய்வு. நாம் அறுத்தது எந்த இடம்? அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான்.

அவன் மனைவி பாவாயி தண்ணீர்க் குடத்தோடு வந்தது. “ஏனுங்ணா, ஒரு காயிதத்த வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் இத்தன நேரம் கொஞ்சறீங்க? ஆடு தண்ணியில்லாமக் கத்துறது காதுல உளுகலையா?”

“போடி, நாங்க கப்பல்ல இருக்கறோம். கரையேறுனதும் பாக்கலாம்” என்றான் பெருமாள்.

“கப்பல்ல சோறு போடுவாங்களான்னு கேட்டுக்க. நான் ஒல வெக்கல” என்று சொல்லி, தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாவாயி உள்ளே போனது.

அப்போது சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அன்னிக்கு நான் கீறிப் பாக்கலடா.”

ஆடுகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் விரல் இன்னும் போட்டோ மேல்தான் இருந்தது.

“அதுக்கு என்ன இப்போ?” என்றான். “நான்தான் மோந்து பாத்தனல்லோ. எண்ண வாசம் நல்லாவே அடிச்சுது. காஞ்ச எண்ண என்ன பண்ணிப்போடும்னு நானே வெச்சுப்போட்டேன். நீ கீறுனா என்ன, கீறாட்டி என்ன? இதைய ஒரு சேதின்னு எடுத்துக்கிட்டு பஸ்ஸேறி வந்தயாக்கும்.”

“நெசமாலுமா?”

“ஆட்டு மேல சத்தியம்.”

ஆட்டு மேல் சத்தியம் செய்பவனை எப்படி நம்பாமல் இருப்பது? நம்பினேன். அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன். பாவாயி திட்டிக்கொண்டேதான் போட்டது. வீட்டுக்கு வந்து படுத்தேன். விடிந்த பிறகுதான் எழுந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நன்றாக இருந்தேன். முகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் என் கண்ணையே பார்க்க முடிந்தது. அதற்கு முன்னால் தாடையை மட்டும்தான் பார்ப்பேன்.

போன மாசியில் பெருமாள் இறந்துவிட்டான். மூன்று நாள் காய்ச்சல். எனக்குத் தகவல் வர நேரமாகிவிட்டது. போனபோது எல்லாம் முடிந்து, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவாயி பட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. கப்பல் போட்டோவை உள்ளே சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததைப் பார்த்தேன். கண்ணு தெரியாதவனுக்கு எதற்கு அது என்று ஊரில் கேட்டிருப்பார்கள்.

ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன். “தைரியசாலிம்மா அவன். எண்ண வாசம் தெரிஞ்சும் நெருப்பு வெச்சவன்.”

பாவாயி நிமிர்ந்து பார்த்தது. “யாரு சொன்னாங்க?”

“அவனேதான் சொன்னான்.”

“அவரு மோந்தே பாக்கலீங்ணா.” பாவாயி குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. “ஆசுபத்திரியில கட்டுப் போட்டுக் கெடந்தப்ப அதையேதான் சொல்லிச் சொல்லி அழுவாரு. ‘அவன் கீறிப் பாத்திருப்பான்னு மோக்காம உட்டுட்டனே, எனக்கு ஒரு சோலி, அதையும் நான் பண்ணலையே’ன்னு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு. இப்ப அவரே போயிட்டாரு. சொன்னா என்ன?”

பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தேன்.

அவன் மோந்து பார்ப்பான் என்று நான் கீறவில்லை. நான் கீறியிருப்பேன் என்று அவன் மோக்கவில்லை. அடியில் என்ன நிறம் இருந்தாலும் அவ்வளவுதான் நடந்தது. ஆளுக்கு ஒரு முழுப் பழியை முப்பது வருடம் எடுத்துக்கொண்டு, ஒரே பட்டியில் உட்கார்ந்து மழை பெய்யுமா என்று பேசியிருக்கிறோம். நான் என்னுடையதை அவனிடம் இறக்கி வைத்தேன். அவன் வாங்கி, தன்னுடையதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஆட்டு மேல் சத்தியம் செய்தான்.

சங்ககிரி ரோட்டு யார்டு இப்போது கார் ஷோரூம். கண்ணாடிச் சுவர். கப்பல் தகடு இப்போது எங்கே இறங்குகிறது என்று எனக்குத் தெரியாது. இன்ஜினியர் சார் மேட்டூர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பியோடு போய்விட்டார். போட்டோக்களை என்ன செய்தார் என்று கேட்கவில்லை. அந்த நம்பர் இப்போது அடிப்பதில்லை. பாவாயி ஆடுகளை விற்றுவிட்டு ஓமலூருக்கு மகள் வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்கு அவனிடம் கேட்க ஒரே ஒரு வரி இருக்கிறது. “ஏண்டா, நீயும் பாக்கலையா?” அவ்வளவுதான். கேட்டிருந்தால் அவன் முதலில் சிரித்திருப்பான். பிறகு நானும் சிரித்திருப்பேன். மேச்சேரி பஸ் இன்னும் அதே நேரத்துக்குத்தான் போகிறது. இரண்டு தடவை ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். மேச்சேரி வந்தது. இறங்கவில்லை.